குறுக்கே போகும், ஆனால் சேராது: மேம்பாலமும் சுரங்கப்பாதையும் வரைபடத்தில் ஏறும் விதம்

சென்னை கத்திப்பாரா சந்திப்பைக் கைபேசி வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கும். ஜி.எஸ்.டி. சாலை, அண்ணா சாலை, உள்வட்டச் சாலை, பூந்தமல்லி சாலை ஆகிய நான்கும் வந்து கூடும் இடம் அது. 2008இல் திறக்கப்பட்ட குளோவர் இலை வடிவ மேம்பாலம், அதற்கும் மேலே ஆலந்தூரிலிருந்து ஈக்காட்டுத்தாங்கல் போகும் மெட்ரோ ரயில் பாதை, அடியில் 2021இல் திறந்த நகர்ப்புறச் சதுக்கம் என அடுக்கடுக்காக இருக்கிறது. தட்டையான திரையில் இத்தனையும் ஒரே இடம்தான். கோடுகள் பல இடங்களில் ஒன்றையொன்று வெட்டுகின்றன. ஆனால் அவற்றில் சில இடங்களில் மட்டுமே வண்டி ஒரு சாலையை விட்டு இன்னொரு சாலைக்கு மாற முடியும். மற்ற இடங்களில் ஒன்று மேலே போகிறது, ஒன்று கீழே போகிறது, அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ என்பதை ஒரு கணினிக்குப் புரிய வைப்பது எப்படி என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். வரைபடம் தயாரிப்பவர்கள் சந்திப்புகளைக் குறிப்பதில் காட்டும் அக்கறையைச் சந்திக்காத இடங்களைக் குறிப்பதிலும் காட்ட வேண்டியிருக்கிறது. அதில் ஒரு புள்ளி பிசகினாலும் படம் அழகாகவே இருக்கும். வழி மட்டும் தப்பாகிவிடும். அதனால்தான் இந்தப் பிழைகள் வெகுகாலம் யார் கண்ணிலும் படாமல் கிடக்கின்றன.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை எடுத்துக்கொள்வோம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம் அது. உலகம் முழுவதும் தன்னார்வலர்கள் வரைந்து திருத்தும் அந்த வரைபடத்தின் உள்ளமைப்பு திறந்தே கிடப்பதால், விஷயத்தை அங்கே தெளிவாகப் பார்க்கலாம். அதில் அடிப்படை அலகு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை, ஓர் அடையாள எண் உண்டு. உயரம் அதில் சேர்த்தியில்லை. புள்ளிகளை வரிசையாகக் கோத்தால் கோடு. சாலை, ரயில் பாதை, ஆறு எல்லாமே இப்படிக் கோத்த கோடுகள்தான். அந்தக் கோட்டின் மேல் ‘இது நெடுஞ்சாலை’, ‘இது ஒருவழி’, ‘இது பாலம்’ என்று டேக்குகள் ஒட்டப்படும்.

இரண்டு சாலைகள் சந்திக்கின்றன என்று வரைபடத்துக்குச் சொல்ல ஒரே வழிதான் இருக்கிறது. இரண்டு கோடுகளின் வரிசையிலும் ஒரே புள்ளி, அதே அடையாள எண்ணோடு இடம்பெற வேண்டும். பொதுப் புள்ளி இருந்தால் சந்திப்பு. இல்லாவிட்டால் கோடுகள் திரையில் எத்தனை முறை வெட்டிக்கொண்டாலும் அவற்றுக்குள் உறவில்லை. பாலிடெக்னிக்கில் மின்சுற்றுப் படம் வரைந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இரண்டு கம்பிகள் குறுக்கே போகும் இடத்தில் கரும்புள்ளி வைத்தால் அவை இணைந்தவை. புள்ளி இல்லையென்றால் ஒன்றன்மேல் ஒன்றாகப் போகின்றன, மின்சாரம் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவாது.

வழிகாட்டும் மென்பொருள்கள், அதாவது ஓ.எஸ்.ஆர்.எம்., கிராஃப்ஹாப்பர், வல்ஹல்லா போன்றவை, இந்தப் பொதுப் புள்ளிகளை வைத்தே சாலை வலையைக் கட்டிக்கொள்கின்றன. அவை படத்தைப் பார்ப்பதில்லை. புள்ளியிலிருந்து புள்ளிக்குப் போகும் பட்டியலைத்தான் பார்க்கின்றன. கணிதத்தில் இதற்கு வரலாறு நீளம். 1736இல் ஆய்லர் கோனிக்ஸ்பெர்க் நகரின் ஏழு பாலங்களைப் பற்றி யோசித்தபோதே, எது எதோடு இணைந்திருக்கிறது என்பது மட்டும்தான் கணக்குக்கு முக்கியம், வடிவமும் தூரமும் தேவையில்லை என்பது தெரிந்துவிட்டது. மூன்று வீடுகளுக்கும் தண்ணீர், எரிவாயு, மின்சாரம் ஆகிய மூன்று இணைப்புகளையும் கோடுகள் வெட்டாமல் காகிதத்தில் வரைந்து காட்டச் சொல்லும் பழைய புதிரில் தோற்றுப்போகாதவர் இல்லை. அப்படி வரையவே முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. நகரத்தின் சாலை வலையும் அந்த வகைதான். மேம்பாலங்கள் வந்த பிறகு அதைக் காகிதத்தில் வெட்டு விழாமல் விரிக்க முடியாது.

இனி படம் வரையும் பக்கம். இரண்டு கோடுகள் குறுக்கே போனால் எதை மேலே வரைவது? இதற்குத்தான் ‘பாலம்’, ‘சுரங்கம்’ என்ற டேக்குகளும் ‘லேயர்’ என்ற அடுக்கு எண்ணும். எதுவும் சொல்லாத கோடு பூஜ்யம் என்று பொருள். மேம்பாலத்துக்கு வழக்கமாக 1, அதற்கு மேலே இன்னொரு பாலம் போனால் 2. சுரங்கத்துக்கு -1. கீழே -5 வரையும் மேலே 5 வரையும் இறங்கி ஏறலாம். வரையும் மென்பொருள் சிறிய எண்ணை முதலில் வரைந்து, பெரிய எண்ணை அதன் மேல் வரைகிறது. பாலத்துக்கு இரு ஓரங்களிலும் கறுப்பு விளிம்பு, சுரங்கத்துக்கு மங்கலான நிறமோ விட்டுவிட்டுப் போகும் கோடோ வருவது இந்த டேக்குகளால்தான்.

இங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. பொதுப் புள்ளி வழிக்கானது, அடுக்கு எண் படத்துக்கானது. ஒன்றில் செய்த தவறு மற்றொன்றில் தெரியாது. ஒரு மேம்பாலத்துக்குப் பாலம் என்றோ லேயர் 1 என்றோ டேக் போடாமல் விட்டாலும், கீழே போகும் சாலையோடு பொதுப் புள்ளி இல்லையென்றால் வழிகாட்டும் மென்பொருள் சரியாகவே நடந்துகொள்ளும். படத்தில் மட்டும் நாற்சந்தி போலத் தோன்றும். பார்த்தவுடன் யாராவது திருத்திவிடுவார்கள். மறுபக்கம்தான் ஆபத்து. பாலம் என்று டேக் உண்டு, லேயர் 1 உண்டு, கறுப்பு விளிம்போடு கம்பீரமாக மேலே போகிறது. ஆனால் நடுவில் ஒரு பொதுப் புள்ளி ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. மென்பொருளோ அந்த இடத்தை ஒரு சந்திப்பாக எண்ணி, பாலத்தின் உச்சியில் ‘வலதுபக்கம் திரும்பவும்’ என்று சொல்லும்.

குளோவர் இலை மேம்பாலத்தில் இது என்ன செய்யும் என்று பார்த்தால் விபரீதம் விளங்கும். இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், அங்கே வலப்பக்கம் திரும்ப வேண்டியவர் முதலில் நேராகப் போய் குறுக்குச் சாலையைத் தாண்ட வேண்டும். பிறகு இடப்பக்கம் பிரியும் வளைவில் முக்கால் வட்டம் சுற்றி வந்து மற்றச் சாலையில் சேர வேண்டும். இரண்டு பெருஞ்சாலைகளும் குறுக்கே போகும் அந்த மையத்தில் ஒரு பொதுப் புள்ளி இருந்தால் போதும், கட்டுமானத்தின் அர்த்தமே போய்விடும். மென்பொருளுக்கு வளைவுகள் எல்லாம் வீண் சுற்றாகத் தெரியும். நேராக மையத்துக்குப் போய் வலப்பக்கம் திரும்புவதுதான் கிட்டின வழி என்று கணக்குப் போடும். ஓட்டுநர் அங்கே போய்ப் பார்த்தால் தடுப்புச் சுவரும், அதற்கு அப்பால் அதலபாதாளமும்தான் இருக்கும். வளைவுக்குப் போகும் பிரிவு அதற்குள் கைநழுவிப் போயிருக்கும்.

இந்தப் பிழை பேரளவில் நடந்த கதை அமெரிக்காவுடையது. அந்நாட்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை 1990 கணக்கெடுப்புக்காக டைகர் என்ற பெயரில் நாடு முழுவதற்கும் கணினி வரைபடம் ஒன்றை உருவாக்கியது. அவர்களின் நோக்கம் வழிகாட்டுவது இல்லை, ஆட்களை எண்ணுவது. சாலைகளாலும் ஆறுகளாலும் ரயில் பாதைகளாலும் சூழப்பட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதற்குள் வாழ்பவர்களைக் கணக்கிட வேண்டும். கட்டங்கள் கணிதப்படி மூடியிருக்க வேண்டுமானால், இரு கோடுகள் எங்கே வெட்டினாலும் அங்கே ஒரு புள்ளி இருந்தாக வேண்டும். ஒன்று மேலே போகிறதா கீழே போகிறதா என்பது அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அவர்கள் வேலைக்கு அது முற்றிலும் சரி.

2007-08இல் அந்தத் தரவு மொத்தமாக ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றப்பட்டது. வெறுமையாகக் கிடந்த அமெரிக்கா ஒரேயடியாகச் சாலைகளால் நிறைந்தது. கூடவே இன்னொன்றும் வந்து சேர்ந்தது. விரைவுச்சாலைக்கு மேலே போகும் கிராமத்துச் சாலை, அதற்குக் கீழே போகும் ரயில் பாதை, எல்லாம் விரைவுச்சாலையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தன. வெளியேறும் பாதையே இல்லாத இடத்தில் விரைவுச்சாலையை விட்டுத் திரும்பலாம் என்று தரவு சொன்னது. தன்னார்வலர்கள் மாநிலம் மாநிலமாக உட்கார்ந்து, விமானப் படத்தைப் பார்த்து, ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தார்கள். பல ஆண்டுகள் நீடித்த வேலை அது. ஒரு தேவைக்காகச் சேகரித்த தரவை வேறொரு தேவைக்கு அப்படியே எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. நம் நாட்டில் அரசுத் துறைகளின் நிலவரைபடத் தரவுகள் மெல்ல மெல்லத் திறக்கப்பட்டு வரும் இக்காலத்தில், அவற்றை எடுத்தாள்பவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: குறுக்கே போகும் கோடுகளை இவர்கள் எப்படி எழுதியிருக்கிறார்கள்?

விலைக்கு விற்கப்படும் வழிகாட்டித் தரவுகள் வேறு உத்தியைக் கையாண்டன. கோட்டின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் தனித்தனியே ஒரு மட்ட எண் கொடுத்துவிடுவது. இரண்டு கோடுகளின் நுனிகள் ஒரே இடத்தில் இருந்தாலும், மட்ட எண்களும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அவை இணைந்தவை. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் முறையோடு ஒப்பிட்டால் இது சுற்றுவழிதான். ஆனால் ஒரு நன்மை உண்டு. சேரவில்லை என்ற செய்தி இங்கே எழுத்தில் பதிவாகிறது. பொதுப் புள்ளி இல்லாமை என்பது, தெரிந்து விடப்பட்டதா மறந்து விடப்பட்டதா என்று சொல்லாது.

இன்று ஒருவர் புதிதாக வரையும்போது இந்தப் பிழை எப்படி நுழைகிறது? பெரும்பாலும் எலியின் கிளிக்கில். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இணைய உலாவியிலேயே திருத்த உதவும் ஐடி (iD) எடிட்டரில் சாலை வரைந்துகொண்டே போகும்போது, ஏற்கெனவே உள்ள கோட்டின்மேல் கிளிக் விழுந்தால் அது தானாகவே ஒட்டிக்கொள்ளும். சாதாரணத் தெருக்களுக்கு இது பெரிய உதவி. மேம்பாலத்துக்கு இதுவே வினை. ஒட்டாமல் இருக்க ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கிளிக் செய்ய வேண்டும். அல்லது குறுக்குக் கோட்டின்மேல் கிளிக்கே செய்யாமல் தாண்டிப் போய்விட வேண்டும். இரண்டாவது வழி எளிது.

பிழை கண்டுபிடிக்கும் கருவிகளும் சில நேரம் பிழையைக் கூட்டுகின்றன. ‘இரண்டு சாலைகள் குறுக்கே போகின்றன’ என்று எச்சரிக்கை வரும். கூடவே, இணைத்துவிடலாமா, பாலம் போடலாமா, சுரங்கம் போடலாமா என்று பொத்தான்கள் வரும். எச்சரிக்கையை விரட்டுவதற்காக ஏதோ ஒரு பொத்தானை அழுத்துபவர்கள் உண்டு. அழுத்தியவுடன் எச்சரிக்கை போய்விடும். தரவில் ஒரு பொய் குடியேறிவிடும். இல்லாத பாலம் முளைக்கும், அல்லது மேம்பாலம் தரையோடு முடிச்சுப் போடப்படும். எச்சரிக்கை அப்படியே நிற்பது நல்லது. அடுத்து வருபவர் இடத்தைத் தெரிந்தவராக இருக்கக்கூடும்.

சரியாகச் செய்வது எப்படி என்பதை ஒரு சின்ன இடத்தில் பார்ப்போம். தியாகராய நகரையும் மேற்கு மாம்பலத்தையும் பிரிக்கும் ரயில் பாதைக்கு அடியில் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை என்று சாலைகள் நுழைந்து போகின்றன. மழை வலுத்தால் தண்ணீர் தேங்கிச் செய்தியில் அடிபடும் பெயர்கள். இவற்றை வரைய, சாலைக் கோடு ரயில் கோட்டை எந்தப் பொதுப் புள்ளியும் இல்லாமல் தாண்ட வேண்டும். ஏற்கெனவே முடிச்சு இருந்தால் ஐடி எடிட்டரில் அந்தப் புள்ளியைத் தேர்ந்து டி விசையால் பிரிக்கலாம். அடுத்தது, எது பாலம் என்று முடிவுசெய்வது. தண்டவாளம் தரைமட்டத்தில் போக, சாலை பள்ளத்தில் இறங்கிக் குறுகிய இடைவெளியில் நுழைந்து வெளியேறினால், பேச்சில் அது சுரங்கப்பாதை என்றாலும், அங்கே கட்டப்பட்டிருப்பது ரயில் பாலம். அப்போது ரயில் கோட்டில் பாலத்தின் இரு முனைகளிலும் எக்ஸ் விசையால் வெட்டி, அந்தச் சிறு துண்டுக்கு மட்டும் பாலம் என்றும் லேயர் 1 என்றும் போட வேண்டும். நீளமாகக் குடைந்து கூரை போட்ட வழியானால் சாலைத் துண்டுக்குச் சுரங்கம், லேயர் -1. இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

இதோடு வேலை முடிந்ததாக நினைக்கலாம். ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு மிகவும் தேவையான ஒன்று பாக்கியிருக்கிறது. இந்த வழியில் எவ்வளவு உயரமான வண்டி போகலாம் என்ற எண். அதைப் பாலத்தின்மேல் எழுதினால் ரயிலுக்கு எழுதியதாகிவிடும். கீழே போகும் சாலைத் துண்டில் எழுத வேண்டும். அதேபோல் எடைக் கட்டுப்பாடு மேலே போகும் பாலத்துக்குரியது, கீழ்ச்சாலைக்கு அதில் சம்பந்தமில்லை. வட கரோலினாவின் டர்ஹம் நகரில் 11 அடி 8 அங்குல உயரமே இருந்த ரயில் பாலம் ஒன்றில், எச்சரிக்கைப் பலகைகளையும் விளக்குகளையும் மீறி லாரிகள் மோதிக்கொண்டே இருந்தன. 2019இல் அதை 8 அங்குலம் உயர்த்தினார்கள். எந்தக் கோட்டில் எந்த எண் என்பதில் வரைபடக்காரர் குழம்பினால், லாரிக்கான வழிகாட்டிக்கு அந்தத் தடை இருப்பதே தெரியாது.

லேயர் எண்ணை உயரம் என்று நினைத்துக்கொள்வது பரவலான தவறு. மலைச்சாலைக்கு லேயர் 3 போடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் அந்தக் குறுக்கீட்டில் எது எதற்கு மேல் என்பதை மட்டும் சொல்கிறது. ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள இன்னொரு பாலத்தோடு அதை ஒப்பிடுவதில் பொருளே இல்லை. ஆறு எப்போதும் பாலத்துக்குக் கீழேதானே என்று ஒரு ஆற்றின் முழு நீளத்துக்கும் லேயர் -1 போட்டுவிடும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்தால், பாலம் என்று குறிக்க மறந்த இடங்களில் பிழைகாட்டும் கருவி வாயடைத்துப் போகும். இரண்டும் வெவ்வேறு அடுக்கில்தானே இருக்கின்றன என்று அது சமாதானமாகிவிடும். கடந்து போகும் துண்டுக்கு மட்டும் எண் என்பதில் பிடிவாதமாக இருப்பதன் காரணம் இதுதான்.

சாலைகளை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேராமல் கடப்பதில் தண்ணீர்தான் மூத்தது. 1854இல் திறக்கப்பட்ட மேல் கங்கைக் கால்வாய், ஹரித்துவாரிலிருந்து ரூர்க்கி வருவதற்குள் நான்கு காட்டாறுகளைக் கடக்கிறது. ராணிப்பூரிலும் பத்ரியிலும் காட்டாறு கால்வாயின் தலைக்கு மேலே தொட்டியில் போகிறது. தனௌரியில் ரத்மாவ் ஆறு கால்வாயோடு ஒரே மட்டத்தில் கலந்து, எதிர்க்கரையிலுள்ள மதகுகள் வழியே வெளியேறுகிறது. ரூர்க்கியில் கால்வாய் சோலானி ஆற்றின் மேல் பாலமாகப் போகிறது. மேலே, ஒரே மட்டத்தில், கீழே என்ற மூன்று வகையும் ஒரே கால்வாயில். இதை வரைபவர் தனௌரியில் பொதுப் புள்ளி வைத்தாக வேண்டும், மற்ற மூன்றிலும் வைக்கக் கூடாது. நான்கையும் ஒரே மாதிரி எழுதினால், வெள்ளம் எங்கிருந்து எங்கே போகும் என்று கணக்கிடும் எந்த முயற்சியும் பொய்த்துப்போகும்.

நம் ஊரில் இதற்கு இணையான ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலம். 1966இல் கட்டி முடித்தது. பறளியாற்றுக்கு மேலே சுமார் 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குக் கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் கான்கிரீட் தொட்டி. மேலே ஓடும் நீர் விளவங்கோடு, கல்குளம் பகுதி வயல்களுக்கானது. கீழே ஓடும் ஆற்றுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆகவே கால்வாய்க் கோடும் ஆற்றுக் கோடும் பொதுப் புள்ளி இல்லாமல் கடக்க வேண்டும். ஒட்டிவிட்டால் பாசன நீரெல்லாம் ஆற்றில் கொட்டுவதாகத் தரவு சொல்லும். ஆனால் தொட்டியை ஒட்டி நடைபாதை இருக்கிறது. ஆற்றங்கரையிலிருந்து மேலே ஏறிவர நெடிய படிக்கட்டும் இருக்கிறது. தண்ணீருக்கு இரண்டு தளங்களும் சேராதவை, நடப்பவருக்குச் சேர்ந்தவை. ஒரே இடத்தில் இரண்டு வலைகள், இரண்டு விதமான இணைப்பு. எது எதோடு சேர்கிறது என்று கேட்பதற்கு முன்னால் யாருக்கு என்று கேட்க வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் தமிழ்நாட்டில் வேறில்லை என்பது என் எண்ணம்.

நடப்பவர்களின் வலைதான் வரைபடங்களில் மிகவும் புறக்கணிக்கப்பட்டது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023இல் திறக்கப்பட்டது. சுமார் 570 மீட்டர். கீழே உள்ள தெருக்களின் தலைக்கு மேலே அது போகிறது. மேலே நடப்பவர் நினைத்த இடத்தில் தெருவில் இறங்க முடியாது. படிக்கட்டும் மின்தூக்கியும் உள்ள இடத்தில்தான் இறங்கலாம். அந்தப் படிகளை வரையாமல் நடைபாதையை மட்டும் வரைந்தால், அது இரு நுனியும் அந்தரத்தில் தொங்கும் கோடாகிவிடும். மின்தூக்கியைத் தனியாகக் குறிக்காவிட்டால், சக்கர நாற்காலியில் வருபவருக்கு அந்த வழி இல்லவே இல்லை. கார் போகும் வளைவுகளுக்கு எடுத்துக்கொள்ளும் சிரத்தையில் பாதியாவது இதற்கு வேண்டும். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கை 1858இல் திட்டமிட்ட ஓல்ம்ஸ்டெட்டும் வாக்ஸும் நகரச் சாலைகள் நான்கைப் பள்ளத்தில் இறக்கி, பூங்காவில் உலவுபவர்கள் அவற்றின் தலைக்கு மேலே நடந்து போகும்படி செய்தார்கள். நடப்பவர் மண்ணிலேயே நடந்தார், வண்டிதான் பள்ளத்தில் இறங்கியது. நாம் அதைத் தலைகீழாக்கி, நடப்பவரைப் படியேற வைக்கிறோம்.

தரவு துளிப் பிழையில்லாமல் இருந்தாலும் கடைசியில் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. நாம் மேலே இருக்கிறோமா கீழே இருக்கிறோமா என்பது கைபேசிக்குத் தெரிவதில்லை. திறந்த வெளியில் ஜி.பி.எஸ். சொல்லும் இடம் சுமார் ஐந்து மீட்டர் பிசகலாம். உயரத்தில் அந்தப் பிசகு இன்னும் அதிகம். மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகளுக்கு விடும் இடைவெளியோ பொதுவாக 5.5 மீட்டர். பிசகின் அளவே தளங்களின் இடைவெளியை விழுங்கிவிடும். சில கைபேசிகளில் காற்றழுத்தமானி உண்டு. கடல்மட்டத்துக்கு அருகில் எட்டு மீட்டர் ஏறினால் அழுத்தம் சுமார் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். வானிலை மாறினாலும் அழுத்தம் மாறும் என்பதால் அதை வைத்து உயரத்தைச் சொல்ல முடியாது. ஏறிக்கொண்டிருக்கிறோமா என்பதை ஓரளவு சொல்லலாம்.

குறுக்கே போகும் பாலத்தில் இது பெரிய தொல்லை இல்லை. இரு சாலைகளின் திசையே வேறு என்பதால் மென்பொருள் ஊகித்துவிடும். சாலைக்கு நேர் மேலே கிலோமீட்டர் கணக்கில் நீளும் பாலங்கள்தான் அதைத் திணறடிக்கின்றன. மதுரையில் 2023இல் திறந்த நத்தம் சாலை உயர்மட்டப் பாலம் 7.3 கிலோமீட்டர். மேலேயும் கீழேயும் ஒரே திசை, ஒரே வளைவு. ஜி.பி.எஸ். புள்ளி இரண்டு கோடுகளுக்கும் ஒரே தூரத்தில் விழும். மென்பொருள் தெரிந்துகொள்ள ஒரே சந்தர்ப்பம் பாலத்தின் ஏறுமுகம், அதாவது வண்டி மேலே ஏறும் சரிவு. அங்கேதான் மேலே போகும் தடமும் பக்கவாட்டில் கீழே போகும் தடமும் சில மீட்டர் விலகியிருக்கும். ஆகவே பாலத்தை முழுதும் துல்லியமாக வரைவதைவிட, தடங்கள் பிரியும் அந்தச் சிறு தூரத்தைத் துல்லியமாக வரைவது பயனுள்ளது. பிரியும் புள்ளி ஐம்பது மீட்டர் தள்ளி விழுந்தால் அறிவிப்பு ஐம்பது மீட்டர் தாமதமாகும். அதற்குள் வண்டி பாலத்தில் ஏறியிருக்கும். கூகுள் மேப்ஸ் 2024இல்தான் இந்தியாவின் 40 நகரங்களில் மேம்பாலம் வருவதை முன்கூட்டிச் சொல்லத் தொடங்கியது.

சுரங்கத்துக்குள் செயற்கைக்கோள் சமிக்ஞையே வராது. வேகத்தையும் கடைசியாகத் தெரிந்த இடத்தையும் வைத்து மென்பொருள் ஊகித்துக்கொண்டே போகும். நேரான சுரங்கமானால் போதும். உள்ளே கிளை பிரிந்தால் ஊகம் சறுக்கும். 2016இல் வழிகாட்டிச் செயலியான வேஸை நடத்தும் நிறுவனம் சுரங்கச் சுவர்களில் பொருத்தும் சிறு புளூடூத் கருவிகளைக் கொண்டுவந்தது. சிகாகோவில் அடுக்கடுக்காகப் போகும் வாக்கர் சாலையின் கீழ்த்தளத்திலும் பிறகு அவை பொருத்தப்பட்டன.

சென்னையில் மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் சாலைகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. விமானப் படம் பழையதாக இருக்கும். புதியதாக இருந்தாலும் பாலத்தின் முதுகைத்தான் காட்டும், அடியில் எது திறந்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்பதைக் காட்டாது. மேலே புதிதாக ஒரு பாதை வந்தால் கீழே உள்ள பாலங்களின் லேயர் எண்ணை மாற்ற வேண்டியதில்லை, புதியதற்கு அடுத்த எண் கொடுத்தால் போதும். ஆனால் புதிய ஏறுமுகம் தரையில் எந்தப் புள்ளியில் சேர்கிறது, அதன் அடியில் யூ-டர்ன் விட்டிருக்கிறார்களா, உயரத் தடுப்புக் கம்பி எத்தனை மீட்டரில் நிற்கிறது என்பதையெல்லாம் யாராவது நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும். அந்த வழியே தினமும் வேலைக்குப் போகிறவருக்கு இது தெரியும். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு கணக்குத் தொடங்கினால் அதை அவரே பதிந்துவிடலாம். எங்கே என்ன திருத்த வேண்டும் என்று ஒரு வரிக் குறிப்பு மட்டும் விட்டுவைப்பதற்குக் கணக்குகூட வேண்டாம்.